ஏழு யானைக்கு வாடகை யார் கொடுத்தது?

வா மாப்ளே, வா. இப்படி நிழலாண்ட உக்காரு. சங்கு தீர்த்தக் குளத்தங்கரையில இந்த டீக்கடை பெஞ்சு ஒண்ணுதான் இன்னும் மணிக்கணக்குல வாடகை கேக்காத பொருள். இன்னா இது, சித்திரை வெயில்ல கழுத்துல டை? கண்ணுக்குட்டிக்குத் தும்பு கட்டின மாதிரி இருக்குது. கழட்டிப் பாக்கெட்ல வை. மூச்சு விட்டாத்தான் பேச முடியும். உன் வேலையே பேசுறதுதானே.

‘அண்ணே, புள்ளைக்கு பி.டி. வேலை கிடைச்சிருக்குது’ன்னு உங்கம்மா போன்ல அழுதா. நான் ஏதோ இஸ்கூல்ல பி.டி. வாத்தியார்னு நெனச்சு விசில் கூட வாங்கி வச்சிட்டேன். இப்பதான் தெரியுது, பிசினஸ் டெவலப்மென்டாம். கனரக மெஷினை விக்கணும், விக்க முடியலைன்னா வாடகைக்கு விடணும். பெரிசா வித்தியாசம் இல்ல மாப்ளே. பி.டி. வாத்தியாரும் வெயில்ல நிக்கணும், நீயும் வெயில்ல நிக்கணும். அவரு கத்தினா நாலு பசங்களாவது ஓடுவான்.

மாமனுக்கு இன்னா தெரியும்னு சிரிக்காதே. நான் கல் வண்டி ஓட்டினவன். அப்பால டிராக்டர். அப்பால ரெண்டாங்கை ஜேசிபி ஒண்ணு. அது வந்தப்ப வாசல்ல பூசணிக்காய் உடைச்சேன். ஃபைனான்ஸ்காரன் இழுத்துக்கினு போனப்ப பூசணிக்காய் வாங்கவும் காசு இல்ல. இந்தத் தொழிலை முன்பக்கமும் பார்த்திருக்கேன், பின்பக்கமும் பார்த்திருக்கேன்.

முதல்ல பேரைக் கத்துக்கோ. உன் புத்தகத்துல பேக்ஹோ லோடர்னு போட்டிருப்பான். இந்த ஊர்ல அப்படிச் சொன்னா எந்த ஊர்ப் பலகாரம்னு கேப்பாங்க. மஞ்சளா இருந்து மண்ணைத் தோண்டினா இங்க அது ஜேசிபி. 1945-ல இங்கிலாந்துல ஒரு கொட்டகையில டிரெய்லர் செய்ய ஆரம்பிச்ச ஜோசப் சிரில் பேம்ஃபோர்டு பேருல இருக்குற மூணு எழுத்து. 1979-ல எஸ்கார்ட்ஸோட கூட்டுச் சேர்ந்து அரியானா பல்லப்கர்ல கால் வச்சாங்க. இன்னைக்கு நம்மூர்க் குழந்தை அம்மா, அப்பாவுக்கு அடுத்து சொல்ற வார்த்தை அது. செயின் வச்ச பெரிய வண்டியைக் கிழவனுங்க பொக்லைன்னுவாங்க, பசங்க ஹிட்டாச்சின்னுவாங்க. ஒண்ணு பிரான்சுக் கம்பெனி பேரு, இன்னொண்ணு ஜப்பான் கம்பெனி பேரு. எதிர்ல நிக்கிறது கொரியாக்காரன் வண்டியா இருக்கும். பொருளைத் தூக்கிக்கினு நடக்குற கிரேன் எல்லாமே ஹைட்ரா. ‘உங்க கம்பெனி ஜேசிபி என்ன விலை?’ன்னு ஒருத்தன் கேட்டா, ‘எங்களுது ஜேசிபி இல்லைங்க சார்’னு இலக்கணம் பேசாதே. நீ அவனைத் திருத்தி முடிக்கிறதுக்குள்ள ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

அடுத்தது அந்த விசிட்டிங் கார்டு. பெட்டி நிறைய வச்சிருக்கியே, நம்ம ஊர் மலையில ஒருக்கல் மண்டபம் பார்த்திருக்கியா? பல்லவர் காலத்துக் குடைவரை. அந்தக் கல்லுல 1600-கள்ல வந்த டச்சுக்காரனுங்க அவனவன் பேரைச் செதுக்கி வச்சிருக்கான். சதுரங்கப்பட்டினத்துல இருந்த கம்பெனி ஆளுங்க. துணி வியாபாரம். உன் வேலைதான் அவனுங்களுக்கும். கார்டைக் காகிதத்துல அடிக்காம கல்லுல அடிச்சிருக்கான், அவ்வளவுதான். இன்னைக்கு அவன் கோட்டை இடிஞ்சு கிடக்குது. கார்டு மட்டும் அழியாம இருக்குது. யாரும் திரும்பிக் கூப்பிடலை. கார்டைக் குடுத்துட்டு வந்தா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிற ஒவ்வொருத்தனையும் அந்த மண்டபத்துல ஒரு மணி நேரம் உக்கார வைக்கணும்.

இப்ப பெரிய கதைக்கு வரேன். டீ ஆறிடப் போகுது, குடி.

மாமல்லபுரத்துல கிருஷ்ணனோட வெண்ணெய் உருண்டைன்னு ஒரு பாறை இருக்குதே, நீ கூட முட்டுக் குடுக்கிற மாதிரி போட்டோ எடுத்து வச்சிருக்கியே, அதேதான். ஆறு மீட்டர் உசரம், 250 டன் எடை இருக்கும்னு கணக்கு. சரிவுல பல்லி மாதிரி ஒட்டிக்கினு நிக்குது. 1908-ல சென்னை கவர்னர் ஆர்தர் லாலி, இது உருண்டு வந்தா ஊர் போயிடும்னு ஏழு யானையைக் கட்டி இழுக்கச் சொன்னாருன்னு சொல்வாங்க. பாறை அசையலை. கைடுங்க எல்லாம் இதைப் பாறையோட பெருமையாச் சொல்லி அம்பது ரூபா வாங்குறாங்க.

எனக்கு வேற கேள்வி. அந்த ஏழு யானைக்கு வாடகை யார் கொடுத்தது?

வேலை முடியலைன்னு பாதியைப் பிடிச்சுக்கினாங்களா? யானை இழுக்காம நின்ன நேரத்துக்கு ஐடில் போட்டாங்களா? பாகனுக்கு பேட்டா உண்டா? கரும்பு யார் செலவு, கவர்னர் செலவா யானைக்காரன் செலவா? வர்றதுக்கும் போறதுக்கும் நடைக்கூலி யாரு? எந்தக் கைடைக் கேட்டாலும் முழிக்கிறான். மாப்ளே, நீ பார்க்கப் போற வேலை முழுக்க அந்தக் கேள்விதான். கரும்புக்குப் பதிலா டீசல், பாகனுக்குப் பதிலா ஆபரேட்டர், நடைக்கூலிக்குப் பதிலா லோபெட் லாரி வாடகை. வண்டி சைட்ல இறங்குறதுக்கு முன்னாடியே வொர்க் ஆர்டர்ல எல்லாத்தையும் எழுதி வாங்கு: டீசல் யாருது, பேட்டா யாருது, மாசத்துக்குக் குறைஞ்சபட்சம் எத்தனை மணி, மழையில நின்னா என்ன, ஹோஸ் வெடிச்சு நின்னா என்ன. ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி’ன்னு ஒருத்தன் சிரிச்சா, எழுந்து வந்துடு. ‘பார்த்துக்கலாம்’னா பின்னாடி உன்னைப் பார்க்கவே மாட்டான்னு அர்த்தம்.

யானைக்காரன் பண்ண இன்னொரு தப்பு, சைட்டைப் பார்க்காம ஒத்துக்கினது. நீ அவனுக்கு அண்ணனா இருக்காதே. 250 டன் பாறைக்கு 250 டன் கிரேன் போதும்னு கோட்டேஷன் போட்டுடாதே. கிரேன் உடம்புல எழுதியிருக்குற டன்னு, பூமைச் சுருக்கி, சுமையைப் பக்கத்துலேயே வச்சுத் தூக்குற கணக்கு. பூம் நீள நீள, சுமை தள்ளிப் போகப் போக, தூக்குற டன்னு பத்துல ஒரு பங்கு கூட இல்லாமப் போகும். நம்ம சொந்தக்காரங்க மாதிரி. கல்யாணப் பந்தல்ல பக்கத்துல நின்னு பேசுறப்ப ஊரையே தூக்கி நிறுத்துறேன்னுவான்; ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணினா ஆயிரம் ரூபா தேறாது. சொந்தக்காரனுக்கு இல்லாத ஒரு வசதி கிரேனுக்கு இருக்குது. எவ்வளவு தூரத்துல எவ்வளவு தூக்கும்னு லோடு சார்ட் போட்டுக் குடுத்திருப்பான். அதைப் படிக்கத் தெரியாம கிரேன் விக்கப் போறவன், பஞ்சாங்கம் படிக்கத் தெரியாம முகூர்த்தம் குறிக்கப் போறவன்.

தூக்கத் தெரிஞ்சவன் தூக்கின கதையும் நம்ம பக்கத்துலதான் இருக்குது. வெண்ணெய் உருண்டையிலேருந்து தெக்கால போனா கல்பாக்கம். அங்க 500 மெகாவாட் அதிவேக ஈனுலைன்னு ஒண்ணை 2004-ல கட்ட ஆரம்பிச்சாங்க. 2009 டிசம்பர்ல அதோட பெரிய பாத்திரத்தை, சுமார் 13 மீட்டர் அகலம், 200 டன் எடை, கிரேன்ல தூக்கி உள்ள இறக்கினாங்க. பாறைக்குக் கொஞ்சம்தான் இளைச்சது. முட்டினாப் பாத்திரம் போச்சு. எந்தக் கயிறு, எந்தக் காத்து, எத்தனை டிகிரி திரும்பணும்னு முதல்லயே கணக்குப் போட்டுட்டு வந்தாங்க, இறக்கினாங்க, கும்பிட்டாங்க. யானையை விட பலசாலின்னு இல்ல. வீட்டுப் பாடம் பண்ணிட்டு வந்தாங்க.

அதே இடத்துல இன்னொரு பாடமும் இருக்குது. அஸ்திவாரத்துக்குத் தோண்டி வச்சிருந்த பள்ளத்துலதான் 2004 டிசம்பர் 26 அன்னைக்குச் சுனாமித் தண்ணி பூந்துச்சு. கடல் வொர்க் ஆர்டரைப் படிச்சுப் பார்த்துட்டு வர்றது இல்ல. வெள்ளம், புயல், கடல் வந்தா வண்டி யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் யார் கட்டுறதுன்னு ஒரு வரி எழுதி வை. இந்தக் கரையில தொழில் பண்றவனுக்கு அது சாமி படம் மாதிரி, வண்டியில இருந்தே ஆகணும்.

சரி, எதை விக்கிறது, எதை வாடகைக்கு விடுறது? இங்கதான் கெட்டிக்காரன் ஏமாறுவான், நேர்மையானவன் ஜெயிப்பான். அந்தத் துண்டுக் காகிதத்தை எடு, ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒருத்தன் ஜேசிபி வாங்குறான். மாசத் தவணை 80,000. ஆபரேட்டர் சம்பளம், பேட்டா 30,000. டயர், ஆயில், பக்கெட் பல்லு, இன்சூரன்சுன்னு 20,000. ஆக 1,30,000, வண்டி ஓடினாலும் ஓடலைன்னாலும். மணிக்கு 1,300 ரூபா வாடகைன்னு வை. மணிக்கு அஞ்சு லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபான்னா 465 போச்சு. மிச்சம் 835. அப்ப மாசம் 156 மணி ஓடினாத்தான் தவணைக்குச் சரி. நூத்தி அம்பத்தேழாவது மணியிலதான் அவன் பொண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். மாசம் 60 மணி வேலை இருக்கிறவன் உன்னாண்ட வந்தா, ‘அண்ணே, வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க’ன்னு சொல்லு. 200 மணி இருக்கிறவனுக்கு வித்துடு. வாங்காதேன்னு நீ சொன்ன ஆளு, வாங்குற காலத்துல வேற எவனாண்டயும் போகமாட்டான்.

இதைச் சொல்லாதவன் கதையும் கேட்டுக்கோ. நம்ம பக்கத்துக் கிராமத்துல ஒரே தெருவுல மூணு பேருக்கு மூணு மெஷின் வித்தான் ஒரு சூரன். மூணு பேரும் அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க. ஒவ்வொருத்தன் காதுலயும் ‘சகலை வாங்கிட்டான், நீ இன்னும் சும்மா இருக்கியே’ன்னு ஊதினான். மாச டார்கெட்டைத் தாண்டினதுக்கு அவனுக்கு மேடையில சால்வை போட்டாங்களாம். இங்க மூணு சகலையும் ஒரே ஏரியில, ஒரே சவுக்குத் தோப்புல வேர் தோண்டப் போட்டி போட்டு, மணிக்கு நூறு நூறாக் குறைச்சு, கடைசியில டீசல் காசுக்கு ஓட்டினாங்க. முதல் வருசத்துலேயே ரெண்டு வண்டியை ஃபைனான்ஸ் தூக்கிருச்சு. இன்னைக்கும் அந்தச் சூரன் அந்தத் தெரு வழியா வர்றது இல்ல. ரெண்டு கிலோமீட்டர் சுத்திக்கினு போறான். சால்வையில பாதி பெட்ரோலுக்கே போயிருக்கும்.

ஆளைத் தெரிஞ்சுக்கோ. முதலாளி ரூம்ல ஏசி இருக்கும், முடிவு இருக்காது. மெஷினை முடிவு பண்றது பிளான்ட் இன்சார்ஜ். அவன் கேக்குறது ஆபரேட்டரை. ‘இந்த வண்டி முதுகை ஒடைக்குது சார்’னு ஆபரேட்டர் ஒரு வார்த்தை சொன்னா, நீ கலர் கலராக் காட்டின அம்பது பக்கமும் பஜ்ஜி மடிக்கப் போகும். ராத்திரி பதினோரு மணிக்கு ஹோஸ் வெடிச்சா வந்து நிக்கிற மெக்கானிக் இருக்கான் பாரு, உங்க கம்பெனியில உண்மையான பிசினஸ் டெவலப்மென்ட் அவன்தான். முதல் வண்டியை நீ விக்கலாம், ரெண்டாவதை அவன்தான் விப்பான். அவனை ‘அண்ணே’ன்னு கூப்பிடு.

வேலை எங்க இருக்குதுன்னு கேக்குறியா? கண்ணைத் திறந்தா இருக்குது. எண்ணூர்த் துறைமுகத்துலேருந்து நம்ம பூஞ்சேரி வரைக்கும் சென்னை எல்லைச் சாலை, 133 கிலோமீட்டர் சுமாரு. பேரூர்ல ஒரு நாளைக்கு 400 மில்லியன் லிட்டர் கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற திட்டம். இந்தப் பக்கம் பூரா குவாரி, கிரஷர். ஆனா ஒண்ணு. பெரிய கம்பெனி சொந்த மெஷினோட வருவான். உன்னாண்ட வாடகைக்கு எடுக்கிறது அவனுக்குக் கீழ, கீழ, கீழ இருக்கிற சப் கான்ட்ராக்டர். காசு ஏரித் தண்ணி மாதிரி, மதகுல பொங்கும், கடைமடையில ஈரம் கூட இருக்காது. நீ நிக்கிறது கடைமடைன்னு நெனப்பு இருக்கட்டும். சின்ன விவசாயியாண்ட போறப்ப இன்னொரு போட்டிக்காரனும் இருக்கான்: வேளாண் பொறியியல் துறை. உழவன் செயலியில இ-வாடகைன்னு தட்டினா சர்க்கார் மெஷினே வரும். சர்க்காரை விலையில ஜெயிக்க முடியாது. ‘நாளைக்குக் காலையிலேயே வண்டி நிக்கும்’னு நாளுலதான் ஜெயிக்கணும்.

நாளுன்னதும் நினைவு வருது. ஆடியில எவனும் அட்வான்ஸ் குடுக்கமாட்டான். அப்ப போய் நச்சரிக்காதே, சும்மா நலம் விசாரிச்சுட்டு வா. ஆயுத பூஜைக்கு முன்னாடி போ. வண்டிக்கு மாலை போட ஆசை இருக்கும். அதோட ஆடிட்டர் கணக்கும் சேரும்: வருசக் கடைசிக்கு 180 நாளாவது ஓடியிருந்தாத்தான் அந்த வருசத்துத் தேய்மானம் முழுசாக் கிடைக்கும், இல்லைன்னா பாதிதான். மார்ச் 31-லேருந்து பின்னாடி எண்ணிப் பாரு, அக்டோபர் முதல் வாரத்துல வந்து நிக்கும். சரஸ்வதியும் ஆடிட்டரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல கண்ணைத் திறக்குறாங்க, நீ தூங்கிடாதே. அப்பால ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துட்டா, களிமண்ணுல வண்டி இறங்காது. அந்த ரெண்டு மாசம் சர்வீஸ் பண்ணு, பாக்கி வசூல் பண்ணு.

எப்படிப் போகணும்னு எங்க மலையைப் பார்த்துக் கத்துக்கோ. எங்க காலத்துல, 1990-கள் வரைக்கும், உச்சிவேளைக்கு ரெண்டு கழுகு வரும். பூசாரி சர்க்கரைப் பொங்கலை நீட்டுவாரு, தின்னுட்டுப் போகும். காசியில குளிச்சுட்டு, இங்க சாப்பிட்டுட்டு, ராமேஸ்வரத்துக்குப் போகும்னு ஐதீகம். ஒரே நாள்ல அத்தனை ஊர் டூர் அடிச்ச ரெப்புங்க உலகத்துல அதுங்க ரெண்டுதான். டி.ஏ. பில் போடலை. குறிச்ச நேரம் தவறலை. அதனாலதான் கீழ ஆயிரம் பேர் வெயில்ல காத்துக்கினு நின்னான். நீ என்னா பண்றே? ‘பத்து மணிக்கு வரேன்’னுட்டு மூணு மணிக்குப் போய், ‘டிராஃபிக் சார்’ன்றே. கழுகு எந்த நாளும் டிராஃபிக்னு சொன்னது இல்ல. இப்ப அதுங்க வர்றது இல்ல, அது வேற சோகம். ஆனா வந்த வரைக்கும் உச்சின்னா உச்சி.

வண்டிக்கும் அதே நேர ஒழுங்குதான். ஹவர் மீட்டரை வண்டி இறங்குற அன்னைக்கும், ஏத்துற அன்னைக்கும் போட்டோ எடுத்து வை. மரத்தடியில இன்ஜினை ஓட விட்டுட்டு ஆபரேட்டர் தூங்கினாலும் மீட்டர் ஓடும். சைட்காரன் ‘நாலு மணிதான் வேலை நடந்துச்சு’ன்னுவான். இப்ப வர்ற வண்டியில வேலை பார்த்த நேரம், சும்மா ஓடின நேரம் ரெண்டையும் பிரிச்சு போனுக்கே அனுப்புற வசதி இருக்குது. தினம் சாயங்காலம் லாக் ஷீட்ல சைட் சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கு. மாசக் கடைசியில மொத்தமா வாங்கிக்கலாம்னு விட்டா, அந்தச் சூப்பர்வைசர் அதுக்குள்ள வேற சைட்டுக்கு மாறிப் போயிருப்பான். நான் ஜேசிபியைத் தொலைச்சது மெஷினால இல்ல மாப்ளே. கையெழுத்து இல்லாத முப்பத்திரண்டு லாக் ஷீட்டால. இன்னும் டிரங்குப் பெட்டியில வச்சிருக்கேன். எலி கூட அதைத் தொடலை, அதுக்கும் தெரிஞ்சிருக்குது காசு வராதுன்னு.

கடைசியா வசூல். தோ எதிர்ல குளத்தைப் பாரு. பன்னெண்டு வருசத்துக்கு ஒரு தடவை இதுல சங்கு பிறக்கும். 2011-ல பிறந்துச்சு, அப்பால 2024 மார்ச்சுல. சாமிச் சங்கே கணக்கைக் கொஞ்சம் தாண்டித்தான் வந்துச்சு. இந்த ஊர்க்காரன் அதுக்குக் காத்திருப்பான்; அது பக்தி. ஆனா பில்லுக்கும் அதே மாதிரி கரையில உக்காந்து காத்திருந்தா அது பக்தி இல்ல, பைத்தியம். 2006-ல வந்த சிறு தொழில் சட்டம் ஒண்ணு இருக்குது. மைக்ரோ, ஸ்மால்னு உத்யம்ல பதிவு பண்ணின கம்பெனிக்கு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல காசு குடுத்தாகணும். ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கி விகிதம் மாதிரி மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. 2023 பட்ஜெட்ல இன்னொரு ஆணியும் அடிச்சாங்க: கெடு தாண்டினா, காசைக் கையில குடுக்கிற வருசம் வரைக்கும் அந்தச் செலவை வாங்கினவன் வருமான வரிக் கணக்குல கழிக்க முடியாது. நீ கெஞ்சினா இரங்காதவன், அவன் ஆடிட்டர் முறைச்சா இரங்குவான். உங்க கம்பெனி பெரிசுன்னா இந்தச் சட்டம் உதவாது. அப்ப அட்வான்சும் டெபாசிட்டும்தான் துணை.

ஆர்டர் பிடிச்ச அன்னைக்கு ஸ்வீட் குடுக்காதே மாப்ளே. கடைசி ரன்னிங் பில் பாங்க்ல ஏறின அன்னைக்குக் குடு. அதுவரைக்கும் நீ பண்ணினது வியாபாரம் இல்ல, கவர்னருக்கு யானை அனுப்பின உபகாரம்.

போ. நாளைக்குக் காலையில முதல் வேலையா உங்க பில்லுல உத்யம் நம்பர் அச்சடிச்சிருக்குதான்னு பாரு. இல்லைன்னா ரப்பர் ஸ்டாம்பாவது செஞ்சு குத்து. போறப்ப ரெண்டு டீ, நாலு வடைக்குக் காசைக் குடுத்துட்டுப் போ. ரொக்கமாக் குடு. இந்தக் கடைக்காரர் கணக்குல நான் நாப்பத்தஞ்சு நாளைத் தாண்டி ரொம்ப நாள் ஆச்சு.